எம்ஜிபி தரையில் ஓட்டை: தகடு ஒட்டுவதற்கு முன்னால் சில்லைப் பாருங்கள்

ஒரு வாசகர் அனுப்பிய கேள்வி சுருக்கமாக இதுதான். இங்கிலாந்தில் ஓடும் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டுநர் பக்கக் கார்ப்பெட் எப்போதும் ஈரமாக இருக்கிறதே என்று தூக்கிப் பார்த்திருக்கிறார். அடியில் ஒட்டியிருந்த கறுப்புத் தார் ஷீட் வெடித்துக் கிடந்தது, ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விட்டது, உள்ளங்கை அளவு ஓட்டை. பக்கத்துக் கராஜில் "கீழேயிருந்து ஒரு தகடு வைத்து வெல்ட் அடித்து, மேலே அண்டர்சீல் பூசித் தந்துவிடுகிறோம், ஒரு நாள் வேலை" என்கிறார்கள் (அண்டர்சீல் என்பது வண்டியின் அடியில் பூசும் கெட்டியான கறுப்புப் பூச்சு). கொடுக்கலாமா, அல்லது கொஞ்சம் மிக் வெல்டிங் பழகியிருப்பதால் தானே செய்யலாமா என்று கேட்கிறார்.

அந்தத் தகடு வேலைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். நீங்களே செய்யலாமா என்பதற்கு இன்னும் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் என்ன வேலை என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது. எம்ஜிபியில் தரையில் கைக்குத் தெரிகிற ஓட்டை வந்துவிட்டது என்றால், பெரும்பாலான வண்டிகளில் அதை ஒட்டிய சில் அதற்கு முன்பே உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்திருக்கும். சில் என்றால் கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஓடுகிற பெட்டி. வண்டியைத் தாங்குவது அதுதான், தரை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு முன் வந்த எம்ஜிஏவில் தனி சேஸிஸ் இருந்தது, தரை வெறும் பிளைவுட் பலகை. உளுத்துப்போனால் ஸ்க்ரூவைக் கழற்றி வேறு பலகை போட்டால் தீர்ந்தது. 1962இல் வந்த எம்ஜிபியில் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அதிலும் ரோட்ஸ்டருக்கு மேலே கூரை இல்லை. இரும்புக் கூரையுள்ள ஜிடி மாடலில் கூரை கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், உங்கள் வண்டியிலோ முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பவை நடுவில் உள்ள டனலும் (இரண்டு சீட்டுகளுக்கும் இடையே நீளமாக ஓடும் மேடு) இரண்டு பக்கத்துச் சில்களும் மட்டுமே.

அந்தச் சில்லின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். வெளியே பெயின்ட் அடித்து நமக்குத் தெரிவது வெளிச்சில். உள்ளே கார்ப்பெட் ஒட்டியிருக்கும் பக்கம் உள்சில். இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தகடு, மெம்பிரேன் என்பார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் காசில் ரெயில் என்று ஒரு சின்னப் பெட்டி. முன்சக்கரம் அடிக்கிற சேறு ஃபெண்டருக்குப் பின்னால் உள்ள மறைப்புத் தகட்டின் ஓரமாக நுழைந்து சில்லின் முன்முனையில் போய்ச் சேர்கிறது, இங்கே குளிர்காலச் சாலைகளில் கொட்டுகிற உப்பு அந்தச் சேற்றில் கலந்திருக்கிறது, உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் விளிம்புகளுக்கு இடையே மெல்ல ஏறுகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் விளிம்புகளைப் பிளந்துகொண்டு போகும், பிளந்த இடத்தில் இன்னும் தண்ணீர் நிற்கும். தரைத் தகட்டின் ஓரம் உள்சில்லோடு சேருகிற இடமும் இப்படி ஒரு விளிம்புதான். மேலே தார் ஷீட், கீழே அண்டர்சீல், இரண்டு கறுப்புக்கும் நடுவே இரும்பு காணாமல் போவது யாருக்கும் தெரியாது.

இப்போது கராஜ் சொன்ன தகட்டை யோசித்துப் பாருங்கள். துருப்பிடித்த ஓரத்தை வெட்டி எடுக்காமல் மேலே தகட்டை வைத்தால், வெல்ட் பிடிக்க நல்ல இரும்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிடிக்கும். பழைய தகட்டுக்கும் புதியதற்கும் இடையே நாமே காசு கொடுத்து இன்னொரு ஈரப்பெட்டி செய்து வைத்ததாக ஆகிவிடும். சில வருடங்களில் அது பெரிய ஓட்டையாகத் திரும்பி வரும், அதற்குள் சில்லும் போயிருக்கும். ரிவெட் அடித்து அலுமினியத் தகடு வைப்பதும், சில்லுக்குள் ஃபோம் அடைப்பதும் இதைவிட மோசம். ஃபோம் அடைத்த சில்லை வெட்டித் திறக்கும்போது வருகிற நாற்றமே சொல்லும் உள்ளே எவ்வளவு தண்ணீர் தங்கியிருந்தது என்று.

சரி, முதலில் சோதனை. சீட், கார்ப்பெட், அடியில் உள்ள ஃபெல்ட் எல்லாவற்றையும் எடுங்கள். சீட் ரன்னருக்குக் கீழே மரச்சட்டங்கள் இருக்கும், அவை பஞ்சுபோல் தண்ணீரைப் பிடித்து வைப்பவை, அவற்றின் கீழேதான் தரை முதலில் போகும். பிறகு ஒரு காந்தம். சில்லின் முழு நீளத்துக்கும் நகர்த்திப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் இருப்பது ஃபில்லர் அல்லது ஃபைபர்கிளாஸ். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று சொல்லும், அரித்தது மந்தமாகச் சொல்லும். சில்லுக்குள் பார்ப்பதற்கு, போனில் மாட்டுகிற மலிவான எண்டோஸ்கோப் கேமரா போதும். வழி இல்லையென்றால் உள்சில்லில் கார்ப்பெட் மறைக்கும் இடத்தில் 12 மில்லிமீட்டர் துளை போடுங்கள், வேலை முடிந்ததும் ரப்பர் குரோமெட் வைத்து மூடலாம், பிறகு துருவைத் தடுக்கும் மெழுகு அடிக்கவும் அதே துளை உதவும். ஆனால் கேமராவுக்கு மெம்பிரேனின் ஒரு பக்கம்தான் தெரியும், அது சுத்தமாக இருந்தால் மறுபக்கமும் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு சோதனை பத்து நிமிடத்தில் முடியும், இதைத்தான் நான் அதிகம் நம்புவேன். கதவை மூடி, கதவின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் இடையே மேலும் கீழும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஜாக்கிங் பாயின்ட்டில் ஜாக் வைத்து அந்தப் பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள். ஜாக் உள்ளே புதைந்தாலோ நொறுங்குகிற சத்தம் கேட்டாலோ நிறுத்திவிடுங்கள், பதில் கிடைத்துவிட்டது. தூக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள், கதவைத் திறந்து மூடியும் பாருங்கள். மேல் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறினாலோ கதவு உரசினாலோ வண்டி நடுவில் மடங்குகிறது என்று அர்த்தம். அப்படியானால் தரை வேலையை மறந்துவிடுங்கள், இது சில் வேலை.

வெளிச்சில் பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். எம்ஜிபி வெளிச்சில் முன்ஃபெண்டருக்கு உள்ளேயும் பின்ஃபெண்டருக்கு உள்ளேயும் நீண்டு போகும். முன்ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது, கழற்றலாம். பின்ஃபெண்டர் வெல்ட் செய்தது, அதன் கீழ்ப்பகுதியை வெட்டினால்தான் சில்லை முழுதாக மாற்ற முடியும். அந்த வேலையைத் தவிர்க்க, கதவுக்குக் கீழே தெரிகிற நீளத்துக்கு மட்டும் ஒரு துண்டை ஒட்டி, சில சமயம் பழைய வெளிச்சில்லின் மேலேயே ஒட்டி, "புது சில் போட்டது" என்று விற்ற வண்டிகள் ஏராளம். முன்ஃபெண்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், சில்லின் முனை அங்கே வரை வந்திருக்க வேண்டும்.

எம்ஓடி எனப்படும் ஆண்டுதோறும் செய்யும் சாலைத்தகுதிச் சோதனை பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது தாண்டி, பெரிய மாற்றங்கள் செய்யாத வண்டிகளுக்கு எம்ஓடி கட்டாயம் இல்லை. அதனால் கீழே படுத்துப் பார்க்கிற மூன்றாவது ஆளே இல்லாமல் போய்விட்டது, ஒருவர் ஒட்டிய தகட்டை அடுத்தவர் கேள்வி கேட்பதில்லை. வண்டி சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற சட்டப்பொறுப்பு மட்டும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. நீங்களாகவே விரும்பி எம்ஓடி எடுக்கலாம், எடுக்கச் சொல்வேன். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் பிடிப்பு போன்ற இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் பாடி பலவீனமாக அரித்திருந்தால் அதில் தேறாது. தரை, சில், சீட் பெல்ட் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தால், உங்கள் ஓட்டை அந்த எல்லைக்குள் வர வாய்ப்பு அதிகம்.

அடுத்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. இதைக் கண்டுபிடிக்காமல் வெல்டிங் மிஷினைத் தொடுவதில் பயனில்லை. விண்ட்ஸ்கிரீனுக்கு முன்னால் ஹீட்டருக்குக் காற்று போகிற ஜல்லடை இருக்கிறதல்லவா, அதில் விழும் மழைநீரை வெளியேற்ற ஒரு ரப்பர் குழாய் கீழே டனலுக்குள் இறங்குகிறது. இலையும் மண்ணும் சேர்ந்து அது அடைத்தால் தண்ணீர் நிரம்பி ஹீட்டர் வழியாக நேராகக் கால் வைக்கும் இடத்துக்கு வரும். மேலேயிருந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், டனலுக்கு அடியில் உடனே ஒழுக வேண்டும். ஓட்டுநர் பக்கம் மட்டும் என்பதால் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது: பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள் அங்கேதான் மேலே உட்கார்ந்திருக்கின்றன. அவை கசிந்தால் பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், உரிந்த இடத்தில் துரு தானாக வரும். பெடலுக்கு மேலே விரலால் தடவிப் பாருங்கள், வழவழப்பாக இருந்தால் தண்ணீர் அல்ல. அப்புறம் கதவு அட்டைக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருப்பது, துணிக்கூரையின் ஓர ரப்பர், இதெல்லாம் வழக்கமானவை.

தார் ஷீட்டை எடுப்பது அலுப்பான வேலை. ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டலாம், வீடு முழுக்க நாறும், கை முழுக்க ஒட்டும். உலர்பனி கிடைத்தால் அது சுலபம். உடைத்துப் பரப்பிச் சிறிது நேரம் விட்டால் மைனஸ் 78 டிகிரியில் தார் கண்ணாடிபோல் ஆகிவிடும், தட்டினால் துண்டுதுண்டாகக் கழன்று வரும். கதவு இரண்டையும் திறந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, காருக்குள் கீழேயே தேங்கும், அதில் தலையைக் குனிந்து வேலை செய்வது ஆபத்து. கீழ்ப்பக்க அண்டர்சீலையும் வெல்ட் வரும் கோட்டிலிருந்து ஒரு கை அகலத்துக்காவது சுரண்டுங்கள்.

எல்லாம் வெறும் இரும்பாகத் தெரியும்போதுதான் முடிவு செய்ய வேண்டும். சில், காசில் ரெயில், தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் கிராஸ்மெம்பர் எல்லாம் நன்றாக இருந்து தரையின் நடுவில் மட்டும் ஓட்டை என்றால் நீங்களே செய்யுங்கள், பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை, தவறினாலும் கார்ப்பெட் மறைத்துவிடும். சில்லும் போயிருந்தால், உங்கள் அனுபவத்துக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எம்ஜிபியில் அனுபவமுள்ள இடமாகத் தேடிக் கொடுங்கள். கொடுக்கும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: மெம்பிரேனையும் காசில் ரெயிலையும் மாற்றுவீர்களா, வெட்டும் முன் கதவுவாசலை எப்படிப் பிடித்து நிறுத்துவீர்கள். இரண்டாவது கேள்விக்குத் திருதிருவென்று விழித்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்தக் கேள்வி ஏன் என்றால், ரோட்ஸ்டரில் சில்லை வெட்டிய கணம் அந்தப் பக்கம் வண்டி தொங்க ஆரம்பிக்கும். தொங்கிய நிலையில் புது சில்லை வெல்ட் செய்தால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும், அப்புறம் எந்தக் கீல் போட்டாலும் கதவு மூடாது. அதனால் முதலில் கதவுவாசலின் முன்தூணிலிருந்து பின்தூணுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் போட்டு, போல்ட்டிலோ தற்காலிக வெல்டிலோ இறுக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில், சக்கரத்தில் நிற்கும்போது எடை எங்கே இறங்குமோ அந்த இடங்களிலேயே தாங்கி நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே அடுத்த பக்கம். புது சில்லை கிளாம்ப் போட்டுப் பிடித்து, கதவையும் முன்ஃபெண்டரையும் மாட்டி, இடைவெளி பார்த்த பிறகுதான் வெல்ட். இந்த மாட்டிக் கழற்றுகிற வேலைதான் நேரத்தை விழுங்கும், வெல்டிங் சின்னப் பகுதி. நல்ல கராஜின் பில் பெரிதாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

தரைக்கு மட்டும் வருவோம். ஒட்டுத்துண்டா, முழுத் தரையா? ஓட்டையைச் சுற்றி கிரைண்டரால் தேய்த்துக்கொண்டே போங்கள், துருக்குழிகள் முடிந்து தகடு பழைய கனத்தில் வருகிற இடம்தான் உங்கள் வெட்டுக்கோடு. அது பெரும்பாலும் நீங்கள் முதலில் நினைத்ததைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாக வரும். தரையின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் அந்தப் பக்க முழுத் தரையையே மாற்றுவேன். எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளிலேயே இன்றும் பாகங்களை அடிக்கிறது, 1988 முதல் முழு பாடியே புதிதாகச் செய்து விற்கிறார்கள். பல பழைய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. மேடுபள்ளங்களோடு தயாராக வருகிற தரையை விட்டுவிட்டு நாலு துண்டுகளை வளைத்து ஒட்டிக்கொண்டிருப்பது வீண். மலிவுப் பாகங்கள் வேறு இடங்களிலும் கிடைக்கும், ஆனால் விளிம்பு பொருந்தாமல் வெட்டி ஒட்டுகிற நேரத்தில் மிச்சம் பிடித்த காசு போய்விடும்.

முழுத் தரை என்றால் தகடுகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்திருக்கும் பழைய ஸ்பாட் வெல்டுகளை அதற்கான டிரில் பிட்டால் மேல் தகடு வரை மட்டும் துளைத்து உரிக்க வேண்டும், கீழே உள்ள கிராஸ்மெம்பரையும் பாடியோடு சேர்ந்தே முன்னாலிருந்து வரும் சேஸிஸ் ரெயில் என்ற பெட்டியையும் துளைத்துவிடக் கூடாது. உரித்த பின் அந்த ரெயிலுக்குள் எட்டிப் பாருங்கள், இனி அது இப்படித் திறந்து கிடைக்காது. புதிய தகட்டில் 6 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, பழைய ஸ்பாட் வெல்டுகள் இருந்த இடைவெளியிலேயே பிளக் வெல்ட், அதாவது அந்தத் துளைகளை வெல்டால் நிரப்புவது. ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு முகங்களிலும் வெல்ட் செய்யக்கூடிய துத்தநாக பிரைமர் அடித்துவிட்டே மூட வேண்டும், வெல்ட் விழும் புள்ளியை மட்டும் சுரண்டிக்கொள்ளலாம்.

ஒட்டுத்துண்டு என்றால் ஓரங்கள் முட்டுகிற மாதிரி வெட்டி, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, முட்டு வெல்ட். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைப்பது சுலபம்தான், ஆனால் மறுபடி ஒரு விளிம்பு, மறுபடி ஒரு ஈரச்சந்து. ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கான் கலந்த வாயு. கோடு இழுக்காதீர்கள். இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, ஆறவிட்டு இடையில் ஒரு புள்ளி, இப்படியே புள்ளிகள் ஒன்றோடொன்று சேரும் வரை. பொறுமை இழந்து நீளமாக ஓட்டினால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். முடிவில் வெல்ட் இடைவெளி இல்லாமல் முழுச் சுற்றும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகடு என்றால் வெல்ட் கோட்டில் பூச்சைத் தேய்த்தெடுங்கள், மாஸ்க் போடுங்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொடுக்கும்.

தீயை மறக்க வேண்டாம். தரைக்கு அடியில் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், பேட்டரி கேபிள் எல்லாம் ஓடுகின்றன. உங்கள் 1972 வண்டியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் சீட்டுகளுக்குப் பின்னால் தரைக்கடியில் இருக்கும், பெட்ரோல் பம்ப்பும் அதன் பக்கத்திலேயே. பேட்டரி வெளியே, ஆல்டர்னேட்டர் இணைப்பு கழற்றி, வெல்ட் இடத்துக்கு அருகே குழாய்கள் இருந்தால் அவற்றையும் அவிழ்த்துவிடுங்கள். டனல் ஓரக் கார்ப்பெட்டில் விழுந்த பொறி நீங்கள் டீ குடிக்கப் போன பிறகுதான் பிடிக்கும். தீயணைப்பான் ஒன்று, உதவிக்கு ஒரு ஆள், முடித்த பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே இருப்பது. யாராவது முன்பு சில்லுக்குள் மெழுகு அடித்திருந்தால் உள்ளே அதுவும் எரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

பூச்சில் பலர் அவசரப்படுகிறார்கள். துருவை மாற்றுகிற திரவங்கள் மெல்லிய, இறுகப் பிடித்த துருவுக்குச் சரி. விளிம்புச் சந்துக்குள்ளோ உரிந்து வரும் துருவிலோ அது எதையும் செய்யாது. வெறும் இரும்பில் எபாக்சி பிரைமர், அதன்மேல் விளிம்புச் சந்துகளை அடைக்கும் சீம் சீலர், அதன்மேல் பெயின்ட், இந்த வரிசை மாறக் கூடாது. வெறும் இரும்பில் சீலரை அப்பினால் அதன் கீழே துரு ஆனந்தமாக வளரும். கீழ்ப்பக்கம் வளைந்துகொடுக்கிற ஸ்டோன்சிப் பூச்சு போதும், கெட்டியான தார் அண்டர்சீல் வேண்டாம், அது காய்ந்து விரிசல் விட்டு மறுபடி தண்ணீரை மறைக்கும். பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, கொஞ்சம் வெயிலான நாளாகப் பார்த்து, சில்லுக்குள்ளும் ரெயிலுக்குள்ளும் கேவிட்டி மெழுகு. வாக்ஸாயில், டினிட்ரால், பில்ட் ஹாம்பர் எதுவானாலும் சரி, 360 டிகிரி தெளிக்கிற நீளக் குழாய் இருக்க வேண்டும், மெம்பிரேனின் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். சில்லின் அடியில் உள்ள வடிகால் துளைகளில் மெழுகு சொட்டினால்தான் கீழ்வரை போயிருக்கிறது. சொட்டி முடிந்ததும் அந்தத் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

கார்ப்பெட்டை உடனே போடாதீர்கள். சீட்டை மட்டும் மாட்டி, மழையில் சில வாரங்கள் ஓட்டுங்கள், அல்லது ஹோஸ் பைப்பால் விண்ட்ஸ்கிரீன், ஹீட்டர் ஜல்லடை, கதவு என்று ஒவ்வொரு இடமாகத் தனித்தனியே ஐந்து ஐந்து நிமிடம் அடித்து, ஒருவரை உள்ளே டார்ச்சோடு உட்காரவையுங்கள். பெயின்ட் அடித்த வெறும் தரையில் ஒரு சொட்டு வந்தாலும் எங்கிருந்து என்று தெரியும். அது நின்ற பிறகு கார்ப்பெட், அதுவும் பழைய ஃபெல்ட்டுக்குப் பதிலாகத் தண்ணீர் உறிஞ்சாத மூடிய நுண்ணறை ஃபோம் ஷீட்டோடு, ஒட்டாமல், தூக்கிப் பார்க்கிற மாதிரி.

காந்தச் சோதனையும் ஜாக் சோதனையும் முடித்ததும் அளவுகளைப் பதிலில் போடுங்கள், உள்சில்லின் கீழ்விளிம்பு தெரிகிற மாதிரி ஒரு படமும். முழுத் தரை வாங்கலாமா என்று அப்போது சொல்கிறேன், அதுவரை எந்தப் பாகத்துக்கும் ஆர்டர் கொடுக்க வேண்டாம்.